படி ஓலையும் மூல ஓலையும்

தென்னார்க்காட்டு மண்ணில் வளர்ந்தவர் எவரும் சுந்தரமூர்த்தி நாயனாரை இறைவன் தடுத்தாட்கொண்ட வரலாற்றைக் கேளாதிருக்க முடியாது. இன்றைய கடலூர் மாவட்டத்துப் புத்தூரில் மணப்பந்தலில் இருந்த ஆரூரரிடம் முதியவர் ஒருவர் வருகிறார். ஆரூரரின் பாட்டன் தன்னையும் தன் வழியினரையும் அடிமையாக எழுதிக் கொடுத்த ஆளோலை தம்மிடம் உள்ளது என்கிறார். ஆரூரர் சினந்து அவ்வோலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். முதியவரோ சற்றும் கலங்கவில்லை. கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார். அங்கே ஊர்ச்சபை கூடுகிறது. பாட்டனின் கைச்சாத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. வழக்கு முதியவர் பக்கம் தீர்கிறது.

பக்தர்களுக்கு இஃது இறைவனின் திருவிளையாடல். வரலாறு பயில்வோருக்கு இதனுள் வேறொரு செய்தியும் உண்டு. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் இதனைப் பாடியபோது, பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டும் என்பது கேட்போர்க்கு விளக்க வேண்டாத நடைமுறையாக இருந்தது. அதற்குச் சாட்சியுண்டு, மூலம் உண்டு, படியுண்டு, விசாரிக்கும் சபையும் உண்டு. கி.பி. 1201-ஐச் சேர்ந்த திருப்பாம்புரம் கல்வெட்டு ஒன்று, பஞ்சத்தால் வாடிய வேளாளர் ஒருவர் தம் இரு பெண் மக்களோடு தம்மை 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைக் கூறுகிறது. பசி வந்தபோது எக்குலத்தாரும் விலைப்பட்டனர். ஆனால் பசி தீர்ந்த பின்னும் தலைமுறை தலைமுறையாக விலைப்பட்டே கிடந்தவர்கள் நம் முன்னோர்கள். அவர்களுடைய ஓலை எவ்வெச் சட்டத்தால் கிழிக்கப்பட்டது, ஒவ்வொரு முறையும் கிழிந்தது படியா, மூலமா என்பதை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் ஆசையால், நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

கடலூர் நகரைச் சேர்ந்த தேவனாம்பட்டினத்தை இன்று நாம் மாலையில் காற்று வாங்கும் கடற்கரையாகவே அறிவோம். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது டச்சுக்காரர்கள் வாணிகம் செய்த துறை. துணி ஏற்றிய அத்துறையில் மனிதரையும் ஏற்றினர். 1622, 1623 ஆகிய இரண்டாண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய சோழமண்டலத் துறைகளிலிருந்து சுமார் 1,900 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். கையில் மட்டும் பணம் இருந்திருக்குமாயின் மேலும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அலுவலர்கள் குறைப்பட்டுக்கொண்டனர். விஜயநகரப் பேரரசு உள்நாட்டுப் போரால் சிதைந்து, பஞ்சமும் சேர்ந்து வாட்டிய காலம் அது. அன்று ஆள் பிடிக்க அலைய வேண்டியதில்லை. பெற்றோரே பிள்ளைகளைக் கரைக்குக் கொண்டுவந்திருப்பர்.

பஞ்சம் இல்லாத ஆண்டுகளில் ஏமாற்று வேலை நடந்தது. நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில், துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1743-ஆம் ஆண்டில் இதனைப் பதிவு செய்துள்ளார். சிற்றூர் மக்களை ஏய்த்து அழைத்துவந்து, வீடுகளில் மறைத்துவைத்துக் கப்பலேற்றிய கும்பலின் செய்தி அது. வேலை இருக்கிறது, கூலி இருக்கிறது என்று கூறி அழைத்துச் செல்லும் இன்றைய தரகனின் பேச்சுக்கும் அன்றைய பேச்சுக்கும் பெரிய வேற்றுமை இருந்திராது என்றே எண்ணுகின்றேன்.

ஆங்கிலேயர் 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கிப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டனர். நூறாண்டு கழித்து, 1789-இல், கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு இந்நாட்டு மக்களை அடிமைகளாக வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதைத் தடுத்து அறிக்கை வெளியிட்டார். கப்பல் அடிமைத்தனத்துக்கு எதிரான தொடக்கம் இஃது எனலாம். ஆனால் வயல் அடிமைத்தனத்தை எவரும் தொடவில்லை. 1833-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் இயற்றியபோதும், கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட நிலப்பரப்பு அதிலிருந்து விலக்கப்பட்டது. வரி வசூல் நின்றுவிடும் என்னும் அச்சமே காரணம். சேற்றில் இறங்குபவன் அடிமை; அவன் விளைத்த நெல்லில் இருந்துதான் வரி.

1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டமே நம் வரலாற்றில் முதல் திருப்பம். அளவில் சிறிய சட்டம். அடிமை என்று சொல்லி எவரையும் அரசு அலுவலர் ஏலம் விடக்கூடாது. அடிமை மீது உரிமை கோரும் வழக்கை எந்த நீதிமன்றமும் ஏற்கக்கூடாது. அடிமை என்னும் காரணத்தால் ஒருவன் ஈட்டிய பொருளைப் பறிக்கக்கூடாது. சுதந்திர மனிதனுக்குச் செய்தால் குற்றமாகும் செயல் அடிமை எனப்படுபவனுக்குச் செய்தாலும் குற்றமே. திருவெண்ணெய்நல்லூர்ச் சபை இனிமேல் அவ்வோலையைப் படித்துப் பார்க்காது என்பதே இதன் பொருள். அடிமை வைத்திருப்பதே குற்றம் என்று அச்சட்டம் கூறவில்லை. மனிதரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றமாயின 1862 முதல்தான். அவ்வாண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370, 371-ஆம் பிரிவுகள் அதனைச் செய்தன.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தை இயற்றினார். பெரியபுராணத்து நந்தனார் கதையில் இல்லாத பண்ணை வேதியர் ஒருவரைப் பாரதியார் புதிதாகப் படைத்தார். தில்லை செல்ல விடுப்பு வேண்டிக் கெஞ்சும் நந்தனிடம், நாற்பது வேலி நிலத்தையும் விளைத்து அறுத்துவிட்டுப் போ என்கிறார் அந்த வேதியர். சட்டப் புத்தகத்தில் அடிமை முறை ஒழிந்த பின்னும் ஒரு நாள் விடுப்புக்குக்கூட ஆண்டையின் உத்தரவு தேவைப்பட்டது என்பதை அக்காலத்துக் கதாகாலட்சேபமே ஊரறியச் சொல்லிற்று.

ஓலை இல்லாமலே பண்ணையாளைக் கட்டிவைத்தது எது? கடன். தென்னார்க்காட்டின் நெல் விளையும் பகுதிகளில், சிறப்பாகச் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களில், திருமணத்திற்கென்று வாங்கிய சில ரூபாயும் சில கலம் நெல்லும் ஓர் ஆளை வாழ்நாள் முழுதும் நிறுத்திவைக்கப் போதுமானவை. அவன் படியாள், அளந்து போடும் படி நெல்லே கூலி. குடிசை நின்ற மனையும் ஆண்டைக்குரியது. மனைவி நடவுக்கும் சாணி வாருவதற்கும் உரியவள். ஆறேழு வயது நிரம்பிய மகன் மாட்டுக்காரப் பையன். அவனுக்குத் தனியாக எவரும் விலை பேசவில்லை. எந்தத் தரகனும் அவனைப் பிடித்துச் செல்லவில்லை. தகப்பன் வாங்கிய கடனோடு அவனும் சேர்ந்தே போனான். குழந்தைகளை வேலைக்குப் பிடிக்கும் கொடுமை என்றதும் நாம் தொலைதூர ஆலைகளையே நினைக்கிறோம். நம் மாவட்டத்தில் அது நம் சேரியின் வாசலிலேயே நடந்தது. எவருக்கும் அது கொடுமையாகத் தோன்றாத அளவுக்குப் பழகிப்போயிருந்தது. 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரமன்ஹீர், கடனுக்காக உழைப்பையே அடகு எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை அரசுக்கு எடுத்துரைத்தார். பஞ்சமி நில ஆணை பிறக்க வழிசெய்த அறிக்கை அது.

இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். அரசின் சட்டமே மூல ஓலைக்குக் காவல் நின்றது. 1859-ஆம் ஆண்டின் 13-ஆவது சட்டம் வேலையாட்கள் ஒப்பந்த மீறல் பற்றியது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால், முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். பணத்தைக் கட்டு அல்லது வேலையை முடி என்று ஆணையிடப்படும். இரண்டும் செய்யாதவனுக்கு மூன்று மாதம் வரை சிறை. கடன் கொடுத்தவன் ஏமாற்றினால் உரிமையியல் வழக்கு, கடன் வாங்கிய ஏழை ஏமாற்றினால் சிறைச்சாலை! 1843-இல் ஆள்மீது உரிமை கோர முடியாமற்போனவர்களுக்கு, பதினாறே ஆண்டுகளில் முன்பணத்தின்மீது உரிமை கோரும் கதவு திறக்கப்பட்டது. இச்சட்டம் நீக்கப்படுவதற்கு 1925 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கடல் கடந்து சென்றோர் கதையும் இதுவே. அடிமைகள் விடுதலையான பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லை. 1834 முதல் மொரீசியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினர். புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் பிரெஞ்சுத் தீவுகளுக்கும் சென்றனர். இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணி அழைத்துச் சென்றான். இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோரிடம் அவனை விட்டுவிடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சிறு தாள் அது. தாள் கைமாறினால் ஆளும் கைமாறுவான். வெண்ணெய்நல்லூர் ஓலை தேயிலை மலைக்குப் போய்த் துண்டாக மாறியது என்று சொன்னால் மிகையாகாது. 1921-இல் இலங்கையில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறையும் இந்தியத் தலைவர்களின் கிளர்ச்சியால் 1917-இல் நிறுத்தப்பட்டது.

ஆலைக் குழந்தைகளைப் பொறுத்தவரை சட்டம் சற்று முன்னதாகவே விழித்தது. 1881-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்டோரை ஆலையில் சேர்க்கக்கூடாது என்றது. அவ்வயது 1891-இல் ஒன்பதாகவும், 1922-இல் பன்னிரண்டாகவும், 1948-இல் பதினான்காகவும் உயர்ந்தது. இவை அனைத்தும் ஆலை வாயிலோடு நின்றன. மாட்டுக் கொட்டகைக்கு ஏது வாயிற்காவலன்?

1929-இல் விட்லி என்பாரின் தலைமையில் அமைந்த அரசத் தொழிலாளர் ஆணையம் 1931-இல் அறிக்கை அளித்தது. ஆலை அல்லாத பீடிக் கொட்டடிகளிலும் கம்பளக் கூடங்களிலும் ஐந்து வயதுப் பாலகர்களும் நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் உழைப்பதையும், இரண்டணா அளவே கூலி பெறுவதையும் அது எடுத்துக்காட்டியது. அதனினும் முக்கியமானது, பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கத்தை அது வெளிப்படுத்தியதாகும். அமிர்தசரஸ், அகமதாபாத் ஆகிய நகரங்களோடு நம் சென்னையின் பெயரும் இவ்வகையில் இடம்பெற்றது. விளைவாகப் பிறந்தது 1933-ஆம் ஆண்டின் குழந்தைகள் உழைப்பு அடகுச் சட்டம். பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம், எழுத்தில் இருப்பினும் வாய்ச்சொல்லாயினும், செல்லாது என்று அது கூறியது. பெற்றோருக்கு ஐம்பது ரூபாய் வரையிலும், அமர்த்திக்கொள்ளும் முதலாளிக்கு இருநூறு ரூபாய் வரையிலும் அபராதம். தொகை அற்பம். ஆயினும் கை படி ஓலையை விட்டு மூல ஓலையின்மீது முதன்முதலில் பட்டது இச்சட்டத்தில்தான் என்பது என் கருத்து. பிள்ளையைக் காட்டி வாங்கிய முன்பணம் பிள்ளையைக் கட்டாது என்று சொன்ன முதற் சட்டம் இதுவே.

அபராதத்தைப் பெற்றோர்மீதும் விதித்தது சரியா என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வயிற்றுக்கில்லாமல் பிள்ளையை அனுப்பியவனிடம் ஐம்பது ரூபாய் எங்கிருந்து வரும்? அவன் மீண்டும் அதே முதலாளியிடம்தான் கடன் கேட்டு நிற்பான்.

அண்ணல் அம்பேத்கர் தலைமையேற்ற வரைவுக் குழு உருவாக்கிய அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு மனிதரை வாணிகம் செய்வதையும் வெட்டி வேலையையும் கட்டாய உழைப்பையும் ஒரே மூச்சில் தடை செய்தது. 24-ஆவது பிரிவு பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆலை, சுரங்கம் முதலிய இடர்மிகு வேலைகளில் அமர்த்துவதைத் தடுத்தது. 1950 சனவரி 26-இல் இவை அடிப்படை உரிமைகளாயின. ஆனால் 23-ஆவது பிரிவுக்கெனத் தனிச் சட்டம் வருவதற்குக் கால் நூற்றாண்டு சென்றது. இடையில் 1952-இல் தஞ்சை மாவட்டத்துக்கெனப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அங்கே விவசாயத் தொழிலாளர் இயக்கம் வலுவாக இருந்தது, சட்டமும் வந்தது. கொள்ளிடத்துக்கு வடகரையில் அதே நெல், அதே சேறு, அதே கடன். ஆனால் மாவட்டம் தென்னார்க்காடு. ஆற்றைக் கடக்க அச்சட்டத்திற்குப் பாலம் இல்லை.

வடகரையில் நம் பிள்ளைகளைக் காத்தது அந்நாளில் சட்டத்தைவிடப் பள்ளிக்கூடமே. 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். நந்தன் பெயரிலேயே பள்ளி! ஆண்டையின் உத்தரவுக்குக் காத்திருந்தவனின் பெயரால், உத்தரவு கேளாமல் பிள்ளைகள் வந்து சேரும் இடம் ஒன்று உண்டாயிற்று. மாடு மேய்க்க வேண்டிய சிறுவர்களை விடுதியில் தங்கவைத்து உணவிட்டுப் படிக்கவைத்த ஏற்பாடு, அடகுச் சட்டம் பிறப்பதற்குப் பதினேழு ஆண்டு முந்தையது என்பதை நோக்குக. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டமும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமும் வந்தன. மாட்டுக்காரப் பையனுக்கு ஆண்டை வீட்டில் கிடைத்தது ஒரு வேளைக் கூழ். அக்கூழுக்குப் போட்டியாகச் சோறு வந்து நின்றபோதுதான் பல ஊர்களில் எங்கள் வருகைப் பதிவேட்டில் சேரிப் பிள்ளைகளின் பெயர்கள் நிலைத்தன. சட்ட அறிஞர்கள் இதனைத் தொழிலாளர் சட்டக் கணக்கில் சேர்ப்பதில்லை, நான் சேர்ப்பேன்.

இனி, மூல ஓலையை உண்மையிலேயே கிழித்த சட்டத்திற்கு வருவோம். 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976-இல் நிறைவேறிய கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம் அது. கொத்தடிமை என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தை நம் இளைஞர்கள் ஒரு முறையேனும் படிக்க வேண்டும். முன்பணத்திற்காக மட்டுமன்று, முன்னோர் வழியாக வந்த கடமை என்றோ, குறிப்பிட்ட சாதியில் பிறந்த காரணத்தால் வந்த கடமை என்றோ சொல்லி உழைப்பு வாங்கினாலும் அது கொத்தடிமையே. ஆரூரர் பாட்டனின் ஓலையும் நம் பாட்டன்மாரின் படியும் இவ்விரண்டு தொடர்களுக்குள் அடங்கிவிட்டன. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலேயே கொத்தடிமைகள் அனைவரும் விடுதலையாயினர். கடன் முழுதும் அழிந்தது. அக்கடனுக்காக எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர முடியாது. இது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவனைச் சார்ந்தது. மீறுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பசியும் ஒரு சங்கிலி என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட தீர்ப்பு அது. குழந்தைகளுக்கென 1986-இல் தனிச் சட்டம் வந்தது. சிவகாசித் தொழில் பற்றிய வழக்கில் 1996-இல் பிறந்த தீர்ப்பு, இடர்மிகு தொழிலில் குழந்தையை அமர்த்திய முதலாளி குழந்தை ஒன்றுக்கு இருபதாயிரம் ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. ஆயினும் 2016-இல் திருத்தப்பட்ட பின்னரே பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தக்கூடாது என்னும் நிலை உண்டாயிற்று. அதாவது, 1881-இல் தொடங்கிய பயணம் மாட்டுக் கொட்டகையை வந்தடைய 135 ஆண்டுகள் பிடித்தன. அத்திருத்தத்திலும் ஒரு பொத்தல் வைத்துவிட்டனர். பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்கிறது அது. உழுவதற்குச் சொந்த நிலம் உள்ளவன் வீட்டில் அஃது உதவி. முன்பணம் வாங்கிச் செங்கல் அறுக்கும் குடும்பத்தில் அதே உதவி வேறு பொருள் கொள்கிறது. செங்கல்லின் எண்ணிக்கைக்கே கூலி என்றால், பிள்ளையின் கையும் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஆள் கடத்தலைப் பொறுத்தவரை, தண்டனைச் சட்டத்தின் பழைய 370-ஆம் பிரிவு 2013-இல் முற்றிலும் மாற்றி எழுதப்பட்டது. 2024 சூலை முதல் நாள் தொட்டு அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு நிற்கிறது. சுரண்டுவதற்காக ஒருவரை ஏமாற்றியோ, அச்சுறுத்தியோ, பணம் கொடுத்து மயக்கியோ சேர்ப்பதும், அழைத்துச் செல்வதும், தங்கவைப்பதும், பெற்றுக்கொள்வதும் குற்றம். குழந்தையாயின் பத்தாண்டுக்குக் குறையாத சிறை. கடத்தப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டன்று. ஐம்பது ரூபாய் அபராதத்திலிருந்து சட்டம் எவ்வளவு தூரம் வந்துள்ளது என்பதை இதனால் அறியலாம்.

எனினும் மார்கழி, தை மாதங்களில் எங்கள் வகுப்பறைகளில் சில இடங்கள் காலியாகிவிடுகின்றன. கரும்பு வெட்டுக்கு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிய குடும்பம் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வேற்றூர் சென்றிருக்கும். செங்கல் சூளைக்குப் போனவர்கள் மழைக்காலம் நெருங்கினால்தான் திரும்புவர். பெண் பிள்ளைகளை மூன்றாண்டுக்கு நூற்பாலைக்கு அனுப்பினால் முடிவில் திருமணத்திற்கு மொத்தமாகத் தொகை தருவோம் என்னும் ஆசை வார்த்தையும் ஒரு காலத்தில் ஊர்தோறும் வந்தது. 2018-இல் கஜா புயல் காவிரிப் படுகையைச் சூறையாடிய பின், சிறுவர்கள் முன்பணத்திற்கு ஆடு மேய்க்க அனுப்பப்பட்ட செய்திகள் வெளிவந்தன. இயற்கைச் சீற்றமும் ஆள் பிடிப்பும் கைகோத்து வருவது நானூறு ஆண்டுப் பழக்கம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தைத் தாக்கியபோது அரசு இதனை நினைவில் கொண்டது. பெற்றோரை இழந்த குழந்தைகளை வெளியார் தத்தெடுப்பதையும் அழைத்துச் செல்வதையும் தடுத்து, கடலூர், நாகப்பட்டினம் முதலிய இடங்களில் அரசு இல்லங்களைத் திறந்தது. 1622-இல் அதே கரையில் அப்படி ஓர் ஆணை இருந்திருக்குமாயின் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நம் சங்க உறுப்பினர்களுக்கு ஒரு செய்தியைத் தனியாகக் கூற வேண்டும். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி மாவட்டத்திற்கு ஒன்றும் கோட்டந்தோறும் ஒன்றுமாக விழிப்புக் குழுக்கள் இருத்தல் வேண்டும். நம் மாவட்டத்தில் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் என மூன்று கோட்டங்கள். ஒவ்வொரு குழுவிலும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த மூவர் நியமிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். அம்மூவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டறிந்திருக்கிறோம்? பெரும்பாலும் பெயர்ப்பலகையோடு நின்றுவிடும் இக்குழுக்களில், படித்துப் பட்டம் பெற்ற நம் இளைஞர்கள் இடம் கேட்டுப் பெறலாம். கொத்தடிமையாக ஒரு குடும்பம் இருப்பது தெரிந்தால், கோட்டாட்சியருக்கோ சார் ஆட்சியருக்கோ ஒரு வெள்ளைத்தாளில் எழுதினாலும் விசாரணை நடத்தப்பட வேண்டும். குழந்தை என்றால் 1098 என்னும் எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். விடுதலைச் சான்று மிகவும் முக்கியம். கடன் அழிந்தது என்பதற்கு அதுவே சாட்சி, மறுவாழ்வு உதவிக்கும் அதுவே அடிப்படை. 2016-ஆம் ஆண்டுத் திட்டப்படி ஆடவருக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டோர்க்கு மூன்று லட்சம் ரூபாய் என உதவி வகுக்கப்பட்டது.

மீட்கப்பட்ட பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரும் பெற்றோரை, மாற்றுச் சான்றிதழ் எங்கே, பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதற்கு இடம் தரவில்லை. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள எந்தப் பிள்ளையையும் ஆண்டின் எந்த மாதத்திலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வயதுக்கேற்ற வகுப்பில் அமர்த்த வேண்டும். விட்டுப்போன பாடத்திற்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். தை மாதத்தில் சூளையிலிருந்து வந்த பிள்ளைக்குச் சூன் மாதம் வரை காத்திரு என்று சொல்ல எந்தத் தலைமையாசிரியருக்கும் அதிகாரம் இல்லை.